சேமிப்பும் சிவப்பு மையும்



மாதாமாதம் பணம் கட்டி, அவசரம் உள்ளவர் தள்ளுபடி கேட்டு எடுக்கும் ஏலச்சீட்டின் கணக்கு நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய அதே கணக்கில்தான் அமெரிக்காவின் முதல் வீட்டுக்கடன் சங்கமும் தொடங்கியது. ஆண்டு 1831. இடம் பிலடெல்பியாவை ஒட்டிய ஃபிராங்க்ஃபோர்ட். பெயர் ஆக்ஸ்ஃபோர்டு பிராவிடண்ட் கட்டடச் சங்கம். உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டினார்கள். சேர்ந்த பணம், ஏலத்தில் கூடுதலாகக் கேட்டவருக்குக் கடனாகப் போனது. வாங்கிய வீடே அடமானம். முதல் கடனைப் பெற்ற காம்லி ரிச், தெருவிளக்கு ஏற்றும் தொழிலாளி. அவர் வாங்கிய வீட்டின் விலை 375 டாலர். எல்லோர் கணக்கும் முடிந்ததும், 1841இல் சங்கம் கலைக்கப்பட்டது.

உழைப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பியதே இதன் மூலதனம். ஆனால் அந்த 'ஒருவர்' யார்? அதே பென்சில்வேனியா மாநிலம் 1838இல் எழுதிய அரசியலமைப்பில் வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று சுருக்கியது. ஊரில் சரிசமமாக எண்ணப்படாதவர் சங்கத்தில் எப்படிச் சரிசமமாக உட்கார முடியும்?

அடிமைமுறை ஒழிந்த பின் கறுப்பின மக்களுக்காக 1865இல் ஃபிரீட்மென்ஸ் சேமிப்பு வங்கி உருவானது. சேமித்தவர்கள் கறுப்பின மக்கள். நிர்வாகமோ நெடுங்காலம் வெள்ளையர் கையில் இருந்தது. பணம் ஊக வணிகர்களுக்குக் கடனாகப் போனது. வங்கி ஆட்டம் கண்டபின்தான் ஃபிரெடரிக் டக்ளஸ் தலைவராக்கப்பட்டார். சில மாதங்களில், 1874இல், வங்கி மூடப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோரின் சேமிப்பு அதில் சிக்கியது.

இந்த அடிக்குப் பிறகும் அவர்கள் சேமிப்பைக் கைவிடவில்லை. 1888இல் பிலடெல்பியாவின் பெரியன் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் போதகர் மேத்யூ ஆண்டர்சன், பெரியன் கட்டட, கடன் சங்கத்தைத் தொடங்கினார். சேமிப்பும் அவர்களுடையது, நிர்வாகமும் அவர்களுடையது. வாடகைக் குடித்தனத்திலிருந்து சொந்த வீட்டுக்குப் போக அந்தச் சங்கம் வழி திறந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், 'சேமித்தால் போதும், உயரலாம்' என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். 1934இல் அமெரிக்க அரசு வீட்டுக்கடன்களுக்குக் காப்புறுதி தரத் தொடங்கியது. குறைந்த முன்பணம், நீண்ட தவணை என்று வெள்ளைத் தொழிலாளிக்கு வீடு எளிதானது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கோ 'ஆபத்தானவை' என்று முத்திரை குத்தப்பட்டது. அரசு நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் அவை சிவப்பு மையால் தீட்டப்பட்டன. தவணை தவறாதவரும் அந்தத் தெருவில் குடியிருந்தால் ஆபத்தானவரே. ஊரையும் சேரியையும் பிரித்த கோட்டை அறிந்த நமக்கு இந்தச் சிவப்பைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

1899இல் பிலடெல்பியாவின் கறுப்பின வாழ்வைப் பற்றி நூல் எழுதியவர் டு பாய்ஸ். அவருக்கு 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த உரிமை மனுவின் படிகளைத்தான் அண்ணல் கேட்டார். பொருளாதாரம் கற்ற அவர், சேமிப்பின் அருமையை அறியாதவர் அல்லர். உரிமை இல்லாத இடத்தில் சேமிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வீட்டு விற்பனையிலும் கடனிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்து அது கையெழுத்தானது. முதல் சங்கத்திலிருந்து அந்தச் சட்டம் வரை 137 ஆண்டுகள்.

நம் மகளிர் குழுக்களையும் சீட்டுகளையும் காப்போம். கூடவே, எந்தத் தெருவுக்குக் கடன் மறுக்கப்படுகிறது, யார் கையில் பட்டா இல்லை என்பதையும் மாணவத் தோழர்கள் கணக்கெடுக்க வேண்டும். சிக்கனம் நம் கையில் இருக்கிறது. வரைபடத்தை மாற்றப் போராட்டம் வேண்டும்.