கடன்பட்ட கடற்கரை

சென்னைக்கு வந்து ஊர் திரும்புகிறவர்களிடம் வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, “பீச்சுக்குப் போனீங்களா?” என்பதுதான். கோயில், அருங்காட்சியகம், துணிக்கடை எல்லாம் அதற்குப் பிறகு. மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை என்று பள்ளியில் படித்த வரி பலருக்கு இன்னும் மனப்பாடம். அந்தப் பெருமைக்கு ஆதாரம் இல்லை. மெரினாவின் நீளம் சுமார் 6 கிலோமீட்டர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரையோ 100 கிலோமீட்டரைத் தாண்டி நீள்கிறது. மெரினாவின் தனித்தன்மை அதன் நீளத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. அந்த அகலத்துக்கு வயது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள்தான். நாம் இயற்கையின் கொடை என்று எண்ணிப் பார்க்கப் போகும் அந்த மணல்வெளி, ஒரு துறைமுகம் கட்டியபோது யாரும் திட்டமிடாமல் வந்து சேர்ந்தது. அது வந்து சேர்ந்த கணக்கில் இன்னொரு கரையின் இழப்பும் எழுதப்பட்டிருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இங்கே இடம் பெற்றபோது, கப்பல் ஒதுங்குவதற்கு இந்தக் கரையில் இயற்கையான துறை எதுவும் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி, மடங்கி விழும் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை அறைந்தால் நெகிழ்ந்து கொடுக்குமே தவிர உடையாது. புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகிலேயே அப்போது கடல் இருந்தது. 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இதற்கு இன்னொரு சாட்சி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை, இறக்கிய கையோடு உருகாமல் அடுக்கி வைப்பதற்கான கிடங்கு அது. அத்தகைய கிடங்கை அலைக்கு எட்டத்தில் யாரும் கட்டமாட்டார்கள். இன்று அதன் வாசலில் நின்றால் முதலில் சாலை, அதன்பின் நெடுக மணல், அதற்கும் அப்பால்தான் கடல். கட்டடம் நகரவில்லை, கடல்தான் விலகிப் போயிருக்கிறது.

விலகியதற்குக் காரணம் வடக்கே கட்டிய துறைமுகம். 1861-இல் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் நீட்டிப் பார்த்தார்கள். புயல்கள் அதைச் சிதைத்தன. 1875-இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பர் புயலில் அலைதடுப்புச் சுவர்கள் பெருஞ்சேதம் அடைந்தும் வேலை நிற்கவில்லை. ஆனால் கல்லைக் கொட்டியவர்களின் கணக்குக்குள் அடங்காத ஒன்று கடலுக்குள் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கரையோரம் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு தெற்கே திருப்பும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய பயணம். அந்தப் பாதையில் குறுக்கே நின்றது துறைமுகத்தின் சுவர். வடக்கே போக வேண்டிய மணல் தெற்குப் பக்கத்தில் தடுக்கப்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு ஏறி மெரினா ஆனது. அதே மணல்தான் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைத்து, ஆற்றைக் கடலோடு சேரவிடாமல் தேக்கியது. நகரத்தின் பெருமையும் நாற்றமும் அக்கம்பக்கத்தில் இருப்பதற்கு இந்த மணலுக்கும் பங்கு உண்டு.

மெரினாவை உருவாக்கியவர் ஆளுநர் கிராண்ட் டஃப்தானே என்று கேட்கலாம். 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த அவர் கரையோரம் நடைவழி அமைத்தார். சிசிலித் தீவின் நினைவாக இத்தாலியப் பெயரும் வைத்தார். அவருக்கு உரிய பங்கைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பெயர் வைத்தது ஏற்கெனவே பிறந்து வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைக்கு. மேலும், அவர் மனத்தில் இருந்தது துரைமார் மாலையில் காற்று வாங்கும் உலாச் சாலை. இன்று வெளியூர்க்காரர்கள் தேடி வருவது அதை அல்ல. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தேசியவாதிகள் கூட்டம் போட்டார்கள். திலகர் பெயர் அந்தத் திடலுக்கு ஒட்டிக்கொண்டது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை இங்கே கொண்டாடினார். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வள்ளுவரும் ஒளவையும் கண்ணகியும் சிலைகளாக வந்து நின்றார்கள். 1969-இல் அண்ணா அடக்கம் செய்யப்பட்டதும் பீச்சுக்குப் போவது பாதி பொழுதுபோக்கு, பாதி யாத்திரை ஆயிற்று. எம்.ஜி.ஆர். சமாதியில் கைக்கடிகாரத்தின் ஓசை கேட்கிறதா என்று காது வைத்துப் பார்ப்பவருக்கு கிராண்ட் டஃப் யார் என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை. இத்தனை பேர் கூடுவதற்கும், தலைவர்களைப் புதைப்பதற்கும் ஊர் நடுவே இடம் கிடைத்ததே துறைமுகம் தடுத்த மணலால்தான்.

அப்படியானால் துறைமுகத்துக்கு முன்பு இங்கே கரையே இல்லையா என்பது அடுத்த கேள்வி. கரை இருந்தது, கரைக்கு உரியவர்களும் இருந்தார்கள். கட்டுமரம் ஏறிய மீனவர்களுக்கு இந்த நகரத்தைவிட வயது அதிகம். மசூலாப் படகு வலித்த கைகளும் கடலோரக் கைகளே. ஆனால் அகலமான மணல் வந்ததும், அது யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் என்ற எண்ணமும் கூடவே வந்தது. அழகுபடுத்துவதற்காக 1985-இல் படகுகளையும் வலைகளையும் அகற்ற முயன்றது, துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. நொச்சிக்குப்பத்தார் சாலையோரம் மீன் விற்பதும், நடுக்குப்பத்தார் வலை உலர்த்துவதும் காட்சிக்கு இடையூறு என்ற பேச்சு அதன் பிறகும் எழுந்தது. கடற்கரையை இயற்கைக் காட்சியாக மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அங்கே வாழ்கிறவர்கள் அழுக்காகத் தெரிவார்கள். அதன் வரலாற்றைத் தெரிந்தவருக்கோ, பின்னால் வந்தது மணலும் சாலையும் சிலைகளும்தான் என்பது புரியும்.

நாலு நாள் சுற்றிப் பார்க்க வந்தவரிடம் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, சுண்டலைத் தின்று காலை நனைத்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்வதும் நியாயம்தான். துறைமுகம் இல்லாமல் இந்த நகரம் இவ்வளவு வளர்ந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும் பாக்கி ஒன்று நிற்கிறது. தெற்கே தடுக்கப்பட்ட மணல் வடக்கே போய்ச் சேரவே இல்லை. ராயபுரம் முதல் காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்ப் பக்கம் வரை கடல் கரையை அரித்தது. மணற்பரப்பு போயிற்று, வீடுகளும் போயின. கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். பிறகு கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ஒரு வளைவு தன் தெற்கே மணலைப் பிடித்துக்கொண்டால், அரிப்பு அதன் வடக்கே தள்ளிப் போகிறது. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்ட பின், அதே கதை பழவேற்காட்டை நோக்கி நகர்ந்தது.

ஆகையால் சென்னையைப் பார்க்க வருபவரின் பட்டியலில் இன்னோர் இடத்தையும் சேர்க்கலாம். மெரினாவில் ஒரு மாலையைக் கழித்தவர், மறுநாள் காலை திருவொற்றியூர்க் கடலோரச் சாலைக்குப் போகட்டும். அங்கே செருப்பைக் கழற்றி நடக்க மணல் இருக்காது. சாலையை ஒட்டிக் கருங்கற்கள் குவிந்திருக்கும், அலை அவற்றின் மேல் மோதிச் சிதறும். அங்கே சேர வேண்டிய மணலின் மேல்தான் முந்தின நாள் மாலை அவர் உட்கார்ந்து சுண்டல் தின்றிருப்பார்.