முப்பத்தாறு வீடுகளும் ஒரு டிராஃபிக் கணக்கும்

நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது ஒரு மாலை, குடியிருந்த ஊரின் திட்டக்குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதிதாக அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. மைக்கைப் பிடித்த எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: டிராஃபிக் தாங்காது. நானும் தலையாட்டினேன். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது, அந்த ஊருக்கு நான் குடிவந்தே ஒன்றரை வருடம்தான். சிக்னலில் நிற்கும் வண்டிகளில் ஒன்று என்னுடையது.

அதற்குப் பிறகு மவுண்ட் லாரல் பற்றித் தேடிப் படித்தேன். அதே மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். 1950இல் அதன் மக்கள்தொகை 2,817. நெடுஞ்சாலைகள் வந்தன, பின்னாலேயே புறநகர் வீடுகளும் வந்தன. 1970இல் 11,221 பேர். இருபது வருடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு.

அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த கறுப்பினக் குடும்பங்களில் சில, கோழிக்கொட்டகையை மாற்றிக் கட்டிய வீடுகளில் இருந்தன. தங்களுக்காக 36 வீடுகள் கட்டிக்கொள்ள வழி கேட்டார்கள். ஊரின் நில விதிகளோ வேறு மாதிரி. பொதுவாக அடுக்குமாடிக்கு இடமே இல்லை. புதிய பகுதி ஒன்றில் தனி வீட்டு மனை குறைந்தது அரை ஏக்கர் அளவு இருக்க வேண்டும். விசேஷமாக அனுமதித்த பெரிய திட்டங்களிலும் அடுக்குமாடி வீட்டுக்கு சராசரியாக 0.3 பள்ளிக் குழந்தைக்கு மேல் போனால், கூடுதல் குழந்தைகளின் பள்ளிச் செலவைக் கட்டுமான நிறுவனமே ஏற்க வேண்டும். 1970 அக்டோபரில் மேயர் அந்த மக்களின் தேவாலயத்துக்கே வந்து, இங்கே வாழ வசதியில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான் என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார்.

போக்குவரத்துப் பொறியாளர்களின் வழக்கமான கணக்குப்படி தனி வீடு ஒன்று நாளுக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட வண்டிப் பயணங்களை உண்டாக்கும். அடுக்குமாடி வீடு என்றால் ஆறேழு. 36 வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு 250 பயணம்கூடத் தாண்டவில்லை. அரை ஏக்கர் மனைகள் நிறைந்த ஊரில் பால் வாங்கவும் கார்தான் எடுக்கணும். நெரிசலை அதிகமாக வளர்ப்பது அந்த விதிதான்.

எதெல் லாரன்ஸ் என்ற பெண்மணியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம், வளரும் ஊர்கள் ஏழைகளுக்கான வீடுகளில் தங்கள் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்றது. ஊர் பெயருக்குக் கொஞ்சம் நிலம் ஒதுக்கியது. 1983இல் இரண்டாவது தீர்ப்பு, இன்னும் கறாராக. எதெல் லாரன்ஸ் 1994இல் இறந்துபோனார். 1997இல் திட்டம் திட்டக்குழு முன் வந்தபோது எதிர்ப்புகளின் பட்டியல் ரொம்பப் பழக்கமானது: குற்றம், வரி, வீட்டு விலை, பள்ளி, டிராஃபிக். இருந்தும் குழு அனுமதித்தது. 2000இன் முடிவில் முதல் குடும்பங்கள் குடிவந்தன. பிறகு அது 140 வீடுகளானது. அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

பிரின்ஸ்டன் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் குழுவினரும் பின்னாளில் ஆராய்ந்தார்கள். பயந்ததுபோல் குற்றம் கூடவில்லை, வீட்டு விலை சரியவில்லை. அக்கம்பக்கத்தில் சிலருக்கு அப்படியொரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லை.

டிராஃபிக் பொய் என்று சொல்லவரவில்லை. சாலை, பஸ், நடைபாதை எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அன்றைய கூட்டத்தில் நாங்கள் யாரும் அவற்றைக் கேட்கவில்லை. வரப்போகும் வண்டிகளை மட்டும் எண்ணினோம். எங்கள் வண்டிகள் வெளியே பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தன.