நிலவில் நின்ற பால்ஸாக்

சிலைகளைப் புகைப்படம் எடுப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. சிலை அசையாது, தும்மாது, கண்ணைக் கொட்டாது. "என்னைக் கொஞ்சம் ஒல்லியாகக் காட்டுங்கள்" என்று காமிராக்காரரைப் படுத்தாது. புகைப்படக் கலை பிறந்த புதிதில் சிலைகளுக்கு இருந்த மவுசுக்கு இதுவே காரணம். ஓர் உருவம் பதியப் பல நிமிஷங்கள் பிடித்த காலம் அது. அவ்வளவு நேரம் ஆடாமல் இருக்கக் கல்லாலும் சுதையாலும் ஆனவர்களால்தானே முடியும்? பிரான்ஸில் டாகேர் 1837ல் எடுத்த படம் ஒன்றில் இருப்பவை சுதைச் சிற்பங்களே.

ஆனால் இங்கிலாந்தில் டால்பாட் என்பவர் ஒரு சூட்சுமத்தைக் கண்டுகொண்டார். 1844ல் அவர் வெளியிடத் தொடங்கிய புத்தகத்தில் பட்ரோக்ளஸ் என்ற கிரேக்க வீரனின் மார்பளவுச் சிலையைப் படம் எடுத்துப் போட்டார். சிலையைச் சற்றே திருப்பினாலும், வெளிச்சம் விழும் பக்கத்தை மாற்றினாலும் ஒரே சிலையிலிருந்து வேறு வேறு முகங்கள் கிடைக்கின்றன என்று எழுதினார். வெயில் நேராக விழுந்தால் நிழல்கள் முரட்டுத்தனமாக விழுந்து உருவத்தைக் குழப்பும். மேகம் மூடிய நாளே நல்லது என்றும் சொன்னார். அதாவது, சிலையைக் காட்டுவதில் ஆகாயத்துக்கும் பாதிப் பங்கு உண்டு.

அந்தப் பாதிப் பங்கினால் ஒரு சிலை பிழைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அது நாவலாசிரியர் ஒருவரின் சிலை என்பதால், கதை படிக்கிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

பால்ஸாக் 1799ல் பிறந்து 1850ல் இறந்தார். ஐம்பத்தொரு வருஷ வாழ்வில் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாவல்களையும் கதைகளையும் எழுதிக் குவித்தார். கடன்காரர்கள் வாசற்கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, இந்த மனிதர் மாலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். நள்ளிரவில் எழுவார். துறவிகள் அணிவதைப் போன்ற நீண்ட வெள்ளை அங்கியைப் போட்டுக்கொள்வார். மெழுகுவத்தி வெளிச்சத்தில், கறுப்புக் காப்பியை அடுத்தடுத்துக் குடித்துக்கொண்டு, பொழுது விடியும் வரை எழுதுவார். பாரிஸ் நகரம் குறட்டை விடும் நேரத்தில்தான் பாரிஸ் நகரத்து மனிதர்கள் அவர் காகிதத்தில் பிறந்தார்கள்.

புகைப்படம் என்றால் அவருக்குப் பயம். இதைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் புகழ்பெற்ற புகைப்படக்காரர் நாதார். ஒவ்வொரு உடம்பும் வெங்காயத்தைப் போலப் பல படலங்களால் ஆனது, படம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு படலம் உரிந்து போய்விடுகிறது என்பது பால்ஸாக்கின் சித்தாந்தம். அவருடைய பருமனுக்கு இரண்டொரு படலம் போனால் நஷ்டமில்லை என்று நாதார் கேலி செய்திருக்கிறார். எப்படியோ, 1842ல் பயத்தை அடக்கிக்கொண்டு ஒரு படத்துக்கு உட்கார்ந்தார். சட்டையின் கழுத்து திறந்திருக்க, மார்பில் கை வைத்த அந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் சங்கத்தின் ஆரம்பகாலத் தலைவர்களில் பால்ஸாக்கும் ஒருவர். ஆகவே அவருக்குச் சிலை வைக்கும் கடமை தனக்கு உண்டு என்று சங்கம் நினைத்தது. முதலில் அந்த வேலையை ஏற்ற சிற்பி இறந்துவிடவே, 1891ல் அப்போது தலைவராக இருந்த எமில் ஜோலாவின் முயற்சியால் ரோடினிடம் வேலை வந்தது. 1893க்குள் தருவதாக ரோடின் ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டபடி கொடுக்கிற சாதி அல்ல அவர். பால்ஸாக்கின் சொந்தப் பிரதேசமான தூரேனுக்குப் போய், அவர் சாயல் கொண்ட ஆட்களைத் தேடிப் பிடித்து, களிமண்ணில் முகங்களைப் பிசைந்தார். பால்ஸாக்கின் பழைய தையற்காரரைத் தேடிப் போய், அவர் அளவுக்குத் துணி தைக்கச் சொன்னார். அந்த 1842ஆம் வருஷத்துப் படத்தையும் பார்த்துப் பார்த்து ஆராய்ந்தார். துணியில்லாத உடம்பு, துணி போர்த்த உடம்பு, கையைக் கட்டிய உடம்பு என்று எத்தனையோ செய்தார். ஓர் அங்கியைச் சுதைக் குழம்பில் முக்கி, அது உறைந்து நிற்கும் மடிப்புகளைப் பார்த்தார். சங்கத்தார் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள், வருஷங்கள் ஓடின.

கடைசியில், சேர்த்ததையெல்லாம் கழிக்க ஆரம்பித்தார். கைகள் மறைந்தன, பேனா, புத்தகம், நாற்காலி எதுவும் இல்லை. எஞ்சியது, சுமார் ஒன்பதடி உயரத்தில் பின்புறமாகச் சற்றே சாய்ந்து நிற்கும் ஓர் அங்கி. அதன் உச்சியில், குகைகளைப் போன்ற கண்களோடு ஒரு சிங்கத் தலை.

1898ஆம் வருஷம் மே மாதம், பாரிஸ் கலைக்காட்சியில் இந்த வெள்ளைச் சுதைச் சிலை ஜனங்கள் முன் நின்றது. ரோடினின் 'முத்தம்' என்ற பளிங்குச் சிலையும் அதே காட்சியில் இருந்தது. ஜனங்கள் முத்தத்தைப் பார்த்துச் சொக்கினார்கள். பால்ஸாக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். பனியில் செய்த பொம்மை என்றார்கள்; மூட்டை என்றார்கள்; கடல் நாய் என்றார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நாம் சொல்வோமே, அந்த ரகத்துப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எழுத்தாளர் சங்கம் கூடி, இதைப் பால்ஸாக்கின் சிலையாக ஏற்க முடியாது என்று தீர்மானம் போட்டது.

ரோடினுக்கு ஆதரவாளர்களும் இருந்தார்கள். அவர்கள் சந்தா திரட்டிச் சிலையை வாங்க முன்வந்தார்கள். ஆனால் அந்த வருஷம் ஜனவரியில்தான் ஜோலா, டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதிப் பிரான்ஸையே இரண்டாக்கியிருந்தார். சந்தாப் பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜோலாவின் கட்சி. சிலைச் சண்டை அரசியல் சண்டையாகிவிடும் என்று ரோடின் அஞ்சினார். யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பாரிஸுக்கு வெளியே ம்யூடான் குன்றில் இருந்த தம் வீட்டுக்குச் சிலையை எடுத்துப் போய்விட்டார்.

சங்கம் ஃபால்கியேர் என்ற வேறொரு சிற்பியைப் பிடித்தது. அவர் ரோடினின் நண்பர். எல்லோருக்கும் விளங்கும்படியாக, பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பால்ஸாக்கைச் செய்து கொடுத்தார். 1902ல் அதைத் திறந்து வைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அதற்குப் பிறகு அதைப் பற்றி அதிகமாகப் பேசவும் இல்லை.

இப்போது நம் கதையில் அமெரிக்க வாலிபர் ஒருவர் நுழைகிறார். எட்வர்ட் ஸ்டைகன், லக்ஸம்பர்க்கில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா சென்று, மில்வாக்கியில் லித்தோ அச்சகத்தில் வேலை கற்றவர். ஊரெல்லாம் கைகொட்டிச் சிரித்த 1898லேயே, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் அந்தச் சிலையின் படத்தைப் பார்த்தார். உயிர் பெற்று எழுந்த மலையைப் போல அது அவருக்குத் தோன்றியது. பிறகு அவர் பாரிஸுக்கு வந்து ரோடினைச் சந்தித்தார். பெரியவருக்கும் பையனுக்கும் மிகவும் ஒத்துப்போயிற்று.

1908ஆம் வருஷக் கோடையின் கடைசியில் ரோடின் தம் சுதைப் பால்ஸாக்கை வீட்டுக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் கொண்டுவந்து நிறுத்தினார். பகல் வெளிச்சத்தில் அது சுண்ணாம்புக் கட்டியாக வெளிறித் தெரிந்தது ஸ்டைகனுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நிலா வெளிச்சத்தில் படம் எடுப்பதென்று முடிவாயிற்று.

நிலா வெளிச்சத்துக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்குச் சொல்லும் கருவி எதுவும் அன்று இல்லை. ஸ்டைகன் உத்தேசமாகக் காமிராவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். சில படங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆயிற்று. ஒரு மணி நேரத்தில் நிலா வானத்தில் சுமார் 15 டிகிரி நகர்ந்துவிடும். அது நகர நகர, சிலையின் மேல் விழும் நிழலும் நகரும். ஆகவே இந்தப் படங்களில் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இல்லை. வெள்ளைச் சுதை, வெள்ளையாகவே இல்லாமல், இருட்டிலிருந்து மெல்லக் கசிந்து வரும் ஒளியாக ஆகிவிட்டது. பின்னால் கருமையும் சாம்பல் நிறமுமாகக் கிடக்கிற ஆகாயம். சற்றுத் தாழ்ந்த தொடுவானம். அதைப் பிளந்துகொண்டு ஒற்றை உருவம். பகலில் மூட்டையாகத் தெரிந்தது இங்கே கோபுரமாக நிற்கிறது.

சில வாரங்களுக்குப் பின் ஸ்டைகன் அச்சிட்ட படங்களைக் காட்டியபோது, இனி உலகம் என் பால்ஸாக்கைப் புரிந்துகொள்ளும் என்று ரோடின் பூரித்துப் போனாராம். 1909ல் நியூயார்க்கில், ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் வீட்டில் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய சிறு கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். 1911ல் ஸ்டீக்லிட்ஸின் 'காமிரா வொர்க்' பத்திரிகையில் அவை அச்சாயின.

"இது மோசடி அல்லவா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்டைகன் இருட்டறையில் சும்மா இருக்கிறவர் அல்ல. சாயங்களைக் கொண்டு ஓவியனைப் போல அச்சிடுகிறவர். ரோடினையும் அவருடைய 'சிந்தனையாளன்' சிலையையும் இரண்டு நெகட்டிவ்களிலிருந்து 1902ல் ஒரே படமாக இணைத்தவர். நல்ல நிலவும் நல்ல ஆகாயமும் கொடுத்தால் எந்தச் சிலைதான் அழகாக இராது என்றும் கேட்கலாம். உண்மை. ஊருக்கு ஊர் இருக்கும் சாதாரணச் சிலைகளையும் கருமேகத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துப் பெரிய மனிதர்களாக்கிவிட முடிகிறது. ஆகாயம் தரும் கௌரவம் இரவல் கௌரவம்.

ஆனால் பால்ஸாக்குக்குக் கிடைத்தது இரவல் அல்ல என்பது என் அபிப்பிராயம். அந்தப் படங்களின் தலைப்புகளைப் பாருங்கள். ஒன்றில் இரவு 11 மணி என்று இருக்கிறது. ஒன்றில் நள்ளிரவு. மற்றொன்றில் விடியற்காலை 4 மணி. புகைப்படக்காரர் தம் வசதிக்காகக் குறித்துக்கொண்ட நேரங்கள்தாம். ஆயினும் அவை யாருடைய நேரங்கள்? ஊர் அடங்கிய பிறகு எழுந்து, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக இருட்டோடு பேசிக்கொண்டிருந்த ஒருவருடைய வேலை நேரங்கள். ரோடின் செய்தது பகலில் தெருவில் நடந்துபோகிற பால்ஸாக்கை அல்ல. அவர் செய்தது எழுதுகிற பால்ஸாக்கை. அந்த மனிதரைப் பார்க்க வேண்டுமானால் அவர் விழித்திருக்கும் வேளையில்தான் போய்ப் பார்க்க வேண்டும். பத்து வருஷங்கள் கழித்து ஒருவர் அந்த வேளையில் போனார், பார்த்தார். நிலவு சிலைக்கு எதையும் கூட்டவில்லை. பகல் மறைத்திருந்ததை விலக்கிற்று, அவ்வளவுதான்.

ரோடின் 1917ல் காலமானார். தம் பால்ஸாக்கை வெண்கலத்தில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1939 ஜூலையில்தான் பாரிஸில், ரஸ்பாய் சாலையும் மோன்பர்னாஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் அது எழுந்து நின்றது. 1955ல் நியூயார்க்கின் நவீன கலை மியூசியத்துக்கும் ஒரு வார்ப்பு வந்து சேர்ந்தது. அப்போது அங்கே புகைப்படப் பகுதியின் தலைவராக இருந்தவர் வேறு யாரும் அல்ல. எழுபத்தைந்தைத் தாண்டிய அதே ஸ்டைகன்தான். ஒரு காலத்தில் காமிரா தன் படலங்களை உரித்துவிடும் என்று பயந்த பால்ஸாக்குக்கு, உரிந்த படலங்களையெல்லாம் அந்தக் காமிராவே திருப்பிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

இந்தக் கதையில் என் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ஜனங்கள் சிரித்தார்கள்; போகட்டும், அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். விமரிசகர்கள் சிரித்தார்கள்; அது அவர்கள் தொழில். ஆனால், "இவர் எங்கள் பால்ஸாக் அல்ல" என்று தீர்மானம் போட்டவர்கள் எழுத்தாளர்கள். ஒரு பக்கத்தை எழுதி முடிக்க எத்தனை ராத்திரி விழிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள். எழுதுகிறவன் எப்படி நிற்பான் என்பது எழுத்தாளர் சங்கத்துக்குத் தெரியவில்லை. ஒரு கல்தச்சருக்கும் ஒரு காமிராக்காரருக்கும் தெரிந்திருந்தது.