பக்கவாதம் வந்த கையை 'மூளைக் காந்தம்' மீட்டுத் தருமா?

தாத்தாவுக்குப் பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு திரும்புகிறது, மெல்ல நடக்கிறார். ஆனால் வலது கையால் காப்பிக் குவளையைப் பிடிக்க முடியவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு காணொளி அனுப்புகிறார். ஒருவர் தலைமேல் ஏதோ ஒரு கருவியை வைத்ததும் அவருடைய விரல் துடிக்கிறது. "நம்ம தாத்தாவுக்கும் இத செஞ்சா என்ன?"

விரல் துடிப்பது உண்மைதான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் விரல் துடிப்பது வேறு, கை குணமாவது வேறு.

அந்தக் கருவி என்ன செய்கிறது?

அதன் பெயர் டிஎம்எஸ். 1985இல் பிரிட்டனின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் அதை அறிமுகம் செய்தனர். கம்பிச் சுருளில் கண நேரம் பலத்த மின்சாரம் பாயும். அதில் உருவாகும் காந்தப் புலம் மண்டையோட்டைத் தாண்டிப் போய், மூளையில் சின்ன மின்னோட்டத்தை ஏற்படுத்தும். கையை இயக்கும் பகுதிக்கு நேராக வைத்தால் கை துடிக்கும். அறுவை சிகிச்சை இல்லை, மயக்க மருந்தும் இல்லை. மனச்சோர்வுக்கு இதே முறையை அமெரிக்கா 2008இலேயே அனுமதித்துவிட்டது.

இன்னொன்று டிடிசிஎஸ். ஈரமான ஸ்பாஞ்ச் பட்டைகள் இரண்டைத் தலையில் வைத்து, சுமார் 20 நிமிடத்துக்கு 1 முதல் 2 மில்லிஆம்ப் மின்சாரம் செலுத்துவார்கள். இதில் விரல் துடிக்காது. நரம்பணுக்கள் வேலை செய்யக் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ தயாராகும், அவ்வளவுதான்.

நல்ல பக்கத்தை ஏன் அடக்க வேண்டும்?

வலது கையை இடது மூளையும் இடது கையை வலது மூளையும் இயக்குகின்றன. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு அடக்கி வைத்திருக்கும். ஒரு பக்கம் பாதிக்கப்பட்டால், மறுபக்கம் அதை அளவுக்கு மீறி அடக்குகிறது என்பது ஒரு கருத்து. அதனால் நல்ல பக்கத்துக்கு நொடிக்கு 1 துடிப்பு என மெதுவாகக் கொடுத்து அதைத் தணிப்பார்கள். அல்லது பாதிக்கப்பட்ட பக்கத்துக்கு வேகமாகக் கொடுத்து எழுப்புவார்கள்.

கேட்கும்போது லாஜிக் சரியாகத்தான் படுகிறது. சின்னச் சின்ன ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன.

பெரிய சோதனை என்ன சொன்னது?

அமெரிக்காவில் 12 இடங்களில் 199 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. எல்லாருக்கும் பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆகியிருந்தது. ஒரு குழுவுக்கு உண்மையான டிஎம்எஸ், இன்னொரு குழுவுக்குப் போலி டிஎம்எஸ். இரு குழுவுக்கும் 18 முறை, ஒவ்வொரு முறையும் கைப் பயிற்சியோடு சேர்த்து.

உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 67 விழுக்காட்டினரின் கை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. போலி பெற்றவர்களில் 65 விழுக்காடு.

இந்த எண்களைத் தோல்வி என்று மட்டும் பார்க்க வேண்டாம். மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த கைகள் இரு குழுவிலும் தேறியிருக்கின்றன. இருவருக்கும் பொதுவாகக் கிடைத்தது பயிற்சி! "ஆறு மாசம் ஆச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது" என்று வீட்டில் யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

டிடிசிஎஸ் முறையையும் அமெரிக்காவில் 129 பேரிடம் தீவிரக் கைப் பயிற்சியோடு சேர்த்துச் சோதித்தார்கள். அங்கும் போலிச் சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

அப்படியென்றால் கதை முடிந்ததா? இல்லை. பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில், நல்ல பக்கத்துக்குக் கொடுக்கும் மெதுவான டிஎம்எஸ் கைக்கு உதவுகிறது என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆக, எப்போது கொடுக்கிறோம் என்பது முக்கியம். யாருக்கு என்பதும்தான். பாதிப்பு மிகக் கடுமையாக இருப்பவர்களுக்குக் கையை அசைக்க நல்ல பக்கமே கைகொடுக்கலாம். அதைப் போய் அடக்கினால்?

ஆபத்து உண்டா?

தலைவலி, தலைத்தோலில் வலி அல்லது அரிப்பு வரலாம். டிஎம்எஸ்ஸில் அரிதாக வலிப்பு வரக்கூடும். தலைக்குள் உலோகக் கிளிப், செவிக்குள் பொருத்திய கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாகஸ் நரம்புத் தூண்டுதலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கைக்காக 2021இல் அமெரிக்கா அனுமதித்த அந்தக் கருவியை அறுவை சிகிச்சை செய்து நெஞ்சுக்குள் பொருத்துவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்...

இது ஆய்வா, கட்டணச் சிகிச்சையா? தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து எத்தனை வாரம் ஆகிறது, அந்தக் கட்டத்தில் பலன் தந்ததற்கு என்ன ஆதாரம்? தூண்டுதல் முடிந்ததும் கைப் பயிற்சி உண்டா? இவற்றைக் கேளுங்கள். பயிற்சி இல்லாமல் வெறும் தூண்டுதல் மட்டும் என்றால் யோசியுங்கள். அந்தப் பணத்தில் எத்தனை தெரப்பி அமர்வுகள் கிடைக்கும் என்றும் கணக்குப் போடலாம்.

இணையக் கடைகளில் டிடிசிஎஸ் கருவிகள் விற்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கித் தாத்தா தலையில் மாட்டாதீர்கள்.