பேசும் பெட்டியும் பேசாத பிள்ளையும்

பழைய தொலைபேசியில் ஒருவரிடம் ஆங்கில எழுத்துகளைச் சொல்லி எழுதவைத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நாம் 'எஃப்' என்போம். அவர் 'எஸ்' என்று எழுதிக்கொள்வார். குற்றம் நம் நாக்கிலும் இல்லை, அவர் காதிலும் இல்லை. அந்த இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை மட்டுமே கடத்தும். 'ஸ்' என்னும் ஒலியின் ஆற்றலோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் இருக்கிறது. ஆகவே அது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

இச்சிறு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, கருவிகளின் துணையால் பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிக்க முயன்ற வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1877இல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். ஒருவருடைய பேச்சை அவர் இல்லாத இடத்திலும் கேட்கலாம் என்றாயிற்று. 1901இல் லண்டனில் தொடங்கப்பட்ட லிங்குவாஃபோன் நிறுவனம் அயல்மொழிப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து விற்றது. ஆனால் இவை காசுள்ளவர் வீட்டுக் கருவிகள். ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் நுழைந்தது வானொலியே.

நம் நாட்டில் இதற்குச் சென்னை முன்னோடி எனலாம். 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்புப் பணியை மேற்கொண்டது. தன் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மாலை வேளையில் இசைப்பாடமும் கதையும் ஒலிபரப்பியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் தோன்றின. பள்ளிகளுக்கான ஒலிபரப்பு வானொலியின் பணிகளில் ஒன்றாயிற்று.

இங்கே நம் தொலைபேசிச் சிக்கல் மீண்டும் தலைகாட்டுகிறது. மத்திய அலையில் அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே இன்று 9,000 ஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு. ஒன்றின் ஒலி மற்றொன்றில் கலவாதிருக்க, ஏறத்தாழ 4,500 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரிதும் வடிகட்டப்படுகின்றன. தமிழ்ப்பேச்சுக்கு இதனால் அதிகக் கேடில்லை. பழகிய மொழியில் விட்டுப்போன ஒலியை மூளையே நிரப்பிக்கொள்ளும். புதிய மொழியில் அவ்வாறு நிரப்ப மூளையிடம் கையிருப்பு இல்லை. 'ஃப்' என்ற ஒலியையே கேட்டறியாத சிறுவன், அதைத் தனக்குத் தெரிந்த 'ப'வாக மாற்றிக்கொண்டால் வியப்பில்லை.

கருவியைவிட்டு ஆசிரியரையே நம்பிய முயற்சியும் நடந்தது. 1959இல் சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் ஒத்துழைப்புடன், 'பனிப்பந்து' எனப் பெயர்பெற்ற திட்டம் தொடங்கிற்று. சிலருக்குப் பயிற்சி தருவது, அவர்கள் பலருக்குத் தருவது, இவ்வாறு உருண்டு பெருகி ஏறத்தாழ 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை எட்டுவது என்பது ஏற்பாடு. புதுக்கோட்டை அன்று திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஒலிநாடாவைப் படியெடுத்து, அந்தப் படியிலிருந்து மறுபடி எடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். உச்சரிப்பும் கைமாறக் கைமாற அப்படித்தான் ஆகும்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் படித்தவன். எங்கள் தொடக்கப்பள்ளியில் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. கெட்டுவிடும் என்று அஞ்சிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை அது வெளியே வரும். நாங்கள் கைகட்டி உட்கார்ந்து கேட்போம். பெட்டி ஆங்கிலம் பேசும், நாங்கள் பேசமாட்டோம். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், ஒளிவிலகல் விதி நன்றாகத் தெரிந்திருந்தும், 'ரிஃப்ராக்ஷன்' என்று வாய்விட்டுச் சொல்ல அஞ்சிக் கேள்வி கேட்காமலே இருந்தேன். இன்று என் வகுப்பின் பின்வரிசையில் அதே மௌனத்தைக் காண்கிறேன்.

இந்த மௌனத்துக்கு ஒரு மருந்து கென்யாவில் சோதிக்கப்பட்டது. 1980 முதல் 1985 வரை, அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளுக்கு வானொலி மூலம் ஆங்கிலம் கற்பித்தார்கள். பாடம் அரைமணி நேரம். 1974இல் நிகராகுவாவில் கணிதத்துக்காகத் தொடங்கிய முறையை ஒட்டியது இது. அதன் சிறப்பு ஒன்றே: வானொலிக் குரல் ஒரு கேள்வி கேட்கும், உடனே சில வினாடி சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் வகுப்பு முழுவதும் வாய்திறந்து விடை சொல்லும். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். பிள்ளைகள் தங்கள் விடையை அங்கேயே திருத்திக்கொள்வர். வானொலி ஒருவழிக் கருவிதான். பிள்ளையின் குரல் அதற்குக் கேட்காது. ஆயினும் அந்தச் சில வினாடிகள் பிள்ளையைப் பேசவைத்தன. அவ்வாறு பயின்ற பிள்ளைகள், குறிப்பாகக் கேட்டுணரும் திறனில், மற்றவர்களைவிட முன்னேறியிருந்தனர்.

நம் மாநிலத்தில் 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இன்று திரைகளும் கைப்பேசிகளும் பல வகுப்பறைகளில் உள்ளன. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதிவுசெய்யும் எண்முறைப் பதிவு, ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை தெளிவாகத் தருகிறது. 'எஃப்' இனி 'எஸ்' ஆகத் தேவையில்லை. பேச்சைக் கேட்டுத் திருத்தும் கருவிகளும் வந்துவிட்டன. குழந்தைக் குரலில் அவை இன்னும் தடுமாறத்தான் செய்கின்றன.

கருவியின் பழைய குறை நீங்கிவிட்டது. கைகட்டிக் கேட்கும் வழக்கம் நீங்கிற்றா? அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்றால், திரை எத்தனை அங்குலம் என்று கேளாதீர்கள். பாடம் நடக்கும்போது கடைசி வரிசைப் பிள்ளை எத்தனை முறை வாய்திறந்தது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாயிருந்தால், ஆசிரியரிடம் பணிவாக ஒன்று சொல்லுங்கள்: ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் கருவியைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். கென்யா செய்ததும் அவ்வளவே. அதற்குச் செலவு ஏதுமில்லை.