பழவேற்காடு ஏரியின் முகத்துவாரமும் அதைச் சார்ந்த உயிர்களும்

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் அமைந்துள்ள பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. சிறீஅரிக்கோட்டா தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைச் சேர்க்கின்றன. கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளே வருகிறது.

இச்சூழல் மண்டலத்தின் கடிவாளம் உயிரற்ற ஒரு பொருளிடம், அதாவது மணலிடம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் முகத்துவார மணல்திட்டை அறுத்துத் திறக்கும். கோடையில் அலைகள் மணலைக் குவித்து அதை அடைக்கும். மழைக்காலத்தில் ஏரிநீரின் உப்பு வெகுவாகக் குறையும். வாய் அடைபட்ட கோடையிலோ, ஆழமில்லாத நீர் வற்றி, உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, இனப்பெருக்கத்துக்கு மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. வாய் மூடினால் இப்போக்குவரத்து நின்றுபோகும். பூநாரைகளுக்கும் நீர்மட்டம் முக்கியம். அவை ஆழமற்ற சேற்றுநீரை அலகால் அலசி, பாசியையும் சிற்றுயிர்களையும் உண்கின்றன.

பழவேற்காடு என்றதும் வரலாற்று நூல்கள் டச்சுக்காரரையே பேசும். 1613இல் அவர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது துணி வணிகம் இங்கிருந்தே நடத்தப்பட்டது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. ஆனால் ஏரியின் சொந்த வரலாறு கோட்டையில் இல்லை, 'பாடு' முறையில்தான் இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொண்டனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. இறால் போகும் வழியை அறிந்தவர்கள் வகுத்த சட்டம் இது.

பறவைகளுக்காக ஏரியின் ஆந்திரப் பகுதி 1976இலும், தமிழகப் பகுதி 1980இலும் சரணாலயங்களாயின. மணலுக்கு அத்தகைய காவல் ஏதுமில்லை. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டதும் அதனால்தான். 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் பழவேற்காட்டுக்குத் தெற்கே திறக்கப்பட்டது. இப்போது ஏரியின் வாயை நிலையாகத் திறந்துவைக்கக் கற்சுவர் அமைக்கும் திட்டம் வந்துள்ளது. அதற்கு முன்பு, வாய் மூடிய ஆண்டுகளில் மீனவர்களே பணம் திரட்டி மணலை வெட்டித் திறந்ததுண்டு.