பெரிங் தீவின் கடற்பசு

1742ஆம் ஆண்டின் வசந்தத்தில் பெரிங் தீவின் மணல்மேட்டுக் குழிகளில் உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் 46 பேர். தளபதி விட்டஸ் பெரிங் முந்தைய டிசம்பர் 8ஆம் நாள் (நாட்கள் யாவும் அக்கால ரஷ்ய நாட்காட்டிப்படி) இறந்ததும், ஸ்வென் வாக்சல் தலைமையேற்றதும், கரையில் சிதைந்து கிடந்த ‘செயின்ட் பீட்டர்’ கப்பலைப் பிரித்து அதன் மரங்களைக் கொண்டு சிறிய கப்பலொன்றைக் கட்டுவதென அனைவரும் கூடி முடிவெடுத்ததும் சென்ற இதழில் கூறப்பட்டன. அந்தக் கப்பல் உருவான கதையே இவ்விதழுக்கு உரியது; ஆனால் ஏரா எனப்படும் அடிமரத்தின் மேல் கப்பலை எழுப்பவும் பலகைகளை அறுக்கவும் மனிதர்களுக்கு உடல்வலிமை வேண்டும். பழத்தையும் பசுங்கீரையையும் காணாத உடலில் ஈறுகளை அழுகச் செய்து மூட்டுகளை முடக்கும் ஸ்கர்வி நோயிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த அவர்களுக்கு அந்த வலிமையைத் தந்தது எது என்பதைச் சொல்லாமல் கப்பலைப் பற்றிப் பேசுவது முறையன்று. அதைத் தந்தது ஒரு விலங்கு. அந்த விலங்கை உலகுக்கு அறிவித்தவர் கியோர்க் வில்ஹெல்ம் ஷ்டெல்லர்.

1709இல் ஜெர்மானிய நிலப்பகுதியான பிராங்கோனியாவின் விண்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்து, இறையியல் படிக்கப் போய் மருத்துவத்துக்கும் தாவரவியலுக்கும் மாறிய ஷ்டெல்லர், கப்பலில் இருந்த அதிகாரிகள் எவருக்கும் பிடிக்காத மனிதர். தவறைத் தவறென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும் இயல்பும், சொன்னது சரியென்று பின்னர் தெரியவரும்போது அதை நினைவூட்டத் தயங்காத இயல்பும் அவரிடம் ஒருங்கே இருந்தன. ஷூமகின் தீவுகளில் குடிநீர் எடுத்தபோது, உப்புக் கலந்த குட்டைநீர் நோயைப் பெருக்கும் என்று அவர் எச்சரித்ததையும், ஸ்கர்விக்கு மருந்தாகும் பச்சிலைகளைப் பறிக்க ஆள் கேட்டதையும் அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. பின்னர் அவரே பறித்துவந்த இலைகள்தாம் படுத்திருந்த சிலரை எழுப்பின. வாக்சலை மாலுமித்திறன் மிக்கவர் என்று புகழும் நூல்கள் உள்ளன, அப்புகழ் அவருக்கு உரியதே. எனினும் அப்பயணத்தில் மனிதரைக் காக்கும் அறிவு யாரிடம் இருந்தது என்று கேட்டால், ஷ்டெல்லரின் பெயரைத் தவிர வேறு பெயரைச் சொல்ல இயலாது.

அவருடைய கண் எத்தகையது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 1741 ஜூலை 20ஆம் நாள், அலாஸ்காவின் கயாக் தீவில் கால்வைக்க அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 மணி நேரம் மட்டுமே. அவருடைய உதவியாளரான கொசாக்கு வீரர் தோமா லெபேஹின் சுட்டு வீழ்த்திய நீலப்பறவை ஒன்றைக் கண்டதும், மார்க் கேட்ஸ்பி அமெரிக்கப் பறவைகளைப் பற்றி வெளியிட்ட நூலில் தாம் பார்த்திருந்த வண்ணப்படம் அவர் நினைவுக்கு வந்தது. ‘இது அமெரிக்காதான்’ என்ற முடிவை ஒரு பறவையின் சிறகிலிருந்தே அவர் எட்டினார். அடுத்த மாதம் 10ஆம் நாள், நடுக்கடலில், நாயின் தலையும் நிமிர்ந்த கூர்ங்காதுகளும் நீண்ட மீசைமயிரும் சுறாவினதைப் போல் பிளந்த வாலும் கொண்டு, முன்கால்கள் எவையும் தென்படாத, ஐந்தடி நீளமுள்ள விலங்கொன்று இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கப்பலைச் சுற்றி விளையாடியது. கடற்பாசித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு குரங்கைப் போல் அது சேட்டை செய்ததால் அதனை அவர் ‘கடற்குரங்கு’ என்றே குறித்தார். துப்பாக்கிக் குண்டு அதன்மேல் படவில்லை. அது இளம் மென்மயிர்க் கடல்நாயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் கருதுகின்றனர். கையில் எடுத்து ஆராய முடியாத அந்த விலங்கை, கடல் விலங்குகளைப் பற்றித் தாம் எழுதிய இலத்தீன் நூலில் ஷ்டெல்லர் சேர்க்கவேயில்லை என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

இத்தகைய ஒருவரின் கண்முன்தான், 1741 நவம்பரில் கப்பல் தீவை அடைந்த சில நாட்களுக்குள், ஆழமற்ற நீரில் கவிழ்த்துப்போட்ட படகுகளைப் போல் மிதந்துகொண்டிருந்த கரிய முதுகுகள் தென்பட்டன. தாங்கள் சேர்ந்திருப்பது கம்சட்கா என்றே அதிகாரிகள் நம்பினர். கம்சட்காவில் எவரும் அறியாத விலங்கு இங்கே கூட்டங்கூட்டமாக மேய்கிறது, கடல் நீர்நாய்கள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் கிடக்கின்றன, ஆகவே இது மனிதர் வாழாத ஏதோ ஒரு தீவு என்று ஷ்டெல்லர் ஐயுற்றார். அந்த ஐயமே உண்மையாயிற்று.

அவர் கண்டது கடற்பசு இனத்தைச் சேர்ந்த, ஆனால் அவ்வினத்தில் எவரும் கற்பனை செய்யாத பேருருவம் கொண்ட விலங்கு. பின்னர் அவர் அளந்த பெண் விலங்கின் நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். முழு வளர்ச்சி பெற்றவற்றின் எடை 8 முதல் 10 டன் வரை இருந்திருக்கும் என இன்றைய ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். தோல் முதிர்ந்த ஓக் மரத்தின் பட்டையைப் போல் கறுத்து, தடித்து, வரிவரியாகப் பிளந்திருந்தது. உடலோடு ஒப்பிட்டால் தலை மிகச் சிறியது; கண்கள் ஆட்டின் கண்களை விடப் பெரியவை அல்ல. வாயில் பற்களே இல்லை; அவற்றுக்கு ஈடாக மேலும் கீழுமாக இருந்த இரண்டு கொம்புத் தகடுகளுக்கு இடையே, கெல்ப் எனப்படும் நீண்ட பழுப்பு நிறக் கடற்பாசியை வைத்து அரைத்தது. முன்கைகளில் விரல் எலும்புகள் இல்லை. அந்தக் குட்டைக் கைகளால் பாறையை ஊன்றி நடந்தும், பாசியைப் பறித்தும், குட்டியை அணைத்தும் வாழ்ந்தது. முழுவதுமாக நீரில் மூழ்க அதனால் இயலாது போலும்; முதுகு எப்போதும் வெளியே தெரிய, அதில் அமர்ந்த கடற்காக்கைகள் தோலிலிருந்த ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்றன.

குளிர்காலம் முழுவதும் கடல் நீர்நாயின் இறைச்சியை உண்டவர்கள், அவை மனிதரைக் கண்டு விலகிச் செல்லத் தொடங்கிய பிறகே இந்தப் பெருவிலங்கின் பக்கம் திரும்பினர். மே மாதத்தில் செய்த முதல் முயற்சி தோற்றது. இரும்புக் கொக்கி தோலில் ஏறவில்லை, ஏறியபோது கயிறு அறுந்தது. ஜூன் மாத இறுதியில், சிறுபடகில் சென்றவர்கள் எறியீட்டியைப் பாய்ச்ச, அதில் கட்டிய நீண்ட கயிற்றைக் கரையில் நின்ற ஏறத்தாழ 30 பேர் பற்றி இழுக்க, இரத்தம் வடிந்து தளர்ந்த விலங்கு கரைக்கு வந்தது. இறைச்சி மாட்டிறைச்சிக்கு நிகராக இருந்தது. கோடையிலும் பல நாள் கெடாமல் நின்றது. கொழுப்போ பாதாம் எண்ணெயின் சுவையோடு இருந்தது. உளியும் வாளும் பிடித்து உழைத்தவர்களுக்கு முழு வலிமை திரும்பியது அதற்குப் பின்தான்.

ஜூலை 12ஆம் நாள் ஷ்டெல்லர் அவ்விலங்குகளில் ஒன்றை அறுத்து ஆராய்ந்தார். உலகில் வேறெந்த அறிஞரும் செய்யாத, இனிச் செய்யவும் முடியாத ஆய்வு அது என்பதால் அந்த நாளைச் சற்று நிதானமாகவே நோக்க வேண்டும். மழை, குளிர், நாற்றம், அருவருப்புற்று விலகிய உதவியாளர்கள். அவர்களை நிறுத்திவைக்கப் புகையிலை கூலியாகக் கொடுக்கப்பட்டது. ஆறடி நீளமுள்ள இரைப்பை பாசியால் பிதுங்கியிருந்ததால் நான்கு வலிய ஆட்கள் கயிறு கட்டி இழுத்தும் அதனை எளிதில் அசைக்க முடியவில்லை. குடலின் நீளம் உடலைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. அவர் அளந்துகொண்டிருக்கும்போதே, தீவெங்கும் திரிந்த ஆர்க்டிக் நரிகள் காகிதத்தையும் நூலையும் மைக்கூட்டையும் இழுத்துக்கொண்டு ஓடின. அந்த நிலையில் எழுதப்பட்ட குறிப்புகள்தாம் அவர் இறந்தபின் 1751இல் அச்சேறி, இன்றளவும் இவ்விலங்கின் வாழ்வைப் பற்றிய நேரடிச் சான்றாக நிற்கின்றன.

அவற்றில் மிக அரியது உடற்கூற்றுப் பகுதி அன்று. பெண் விலங்கு ஈட்டியில் மாட்டியபோது மற்றவை ஓடாமல் சூழ்ந்துகொண்டு, சில கயிற்றை முதுகால் அழுத்தியும், சில வாலால் அடித்து ஈட்டியைப் பிடுங்க முயன்றும் நின்றதை அவர் கண்டார். அதன் இணையான ஆண், அடிபட்டும் விலகாமல் கரைவரை பின்தொடர்ந்து, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே இடத்துக்கு வந்து நின்றதையும் பதிவு செய்தார். விலங்குகளை உணர்வற்ற எந்திரங்களாகக் கருதும் போக்கு கற்றோரிடையே வலுவாக இருந்த நூற்றாண்டில், அந்த அன்பை ஒளிக்காமலும் மிகைப்படுத்தாமலும் எழுதிய கை போற்றுதற்குரியது.

ஆகஸ்டில் தீவை விட்டுப் புறப்படும்போது, புதிய கப்பலில் இடம் போதாமையால், அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த எலும்புக்கூட்டையும் பதப்படுத்திய குட்டியையும் கரையிலேயே விட்டுவர நேர்ந்தது. கையெழுத்துப் படிகளும் வாயின் கொம்புத் தகடுகளும் மட்டுமே உடன் வந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1746 நவம்பரில், தலைநகருக்குத் திரும்பும் வழியில் சைபீரியாவின் தியுமென் நகரில், 37 வயதில் ஷ்டெல்லர் காய்ச்சலால் இறந்தார்.

அவருடைய விவரணையே வேட்டைக்காரர்களைத் தீவுக்கு அழைத்தது என்று கூறுவோர் உண்டு. அது நியாயமற்ற குற்றச்சாட்டு. நூல் வெளிவந்தது 1751இல். எமெலியான் பாசவ் தலைமையில் முதல் வேட்டைக்குழு அத்தீவுக்குச் சென்றதோ 1743இல். அவர்களை ஈர்த்தது பிழைத்து வந்தவர்கள் கொணர்ந்த கடல் நீர்நாய்த் தோல். அந்தத் தோலுக்குச் சீனச் சந்தையில் பெரும் விலை இருந்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்தைத் தீவில் கழித்த அக்குழுக்களுக்குக் கடற்பசு விலையில்லா உணவாயிற்று. தனியாகவோ இருவராகவோ ஈட்டியால் குத்தி, காயத்தோடு கடலுக்குள் ஓடிச் சாகவிட்டு, ஒன்றைக் கரைசேர்க்கப் பலவற்றை வீணடித்தனர். அருகிலுள்ள செப்புத் தீவில் தாது தேடச் சென்ற சுரங்கப் பொறியாளர் பியோத்தர் யாக்கவ்லெவ், அங்கு அவ்விலங்கு அற்றுப்போயிருப்பதைக் கண்டு, பெரிங் தீவிலாவது இவ்வேட்டையைத் தடைசெய்ய வேண்டும் என்று 1755இல் கம்சட்கா நிர்வாகத்துக்கு விண்ணப்பித்தார். நிர்வாகம் அசையவில்லை. இந்த வரலாற்றில் பழி சுமக்க வேண்டியவர்கள், பசிக்காகக் கொன்ற 46 பேர் அல்லர். எழுத்து வடிவில் எச்சரிக்கை கையில் இருந்தும் வாளாவிருந்த அதிகாரிகளே. 1768இல் கடைசி விலங்கு கொல்லப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. ஷ்டெல்லர் முதன்முதலாகக் கண்டதிலிருந்து 27 ஆண்டுகள்.

அவ்விலங்கு சேர்ந்த குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரே இனம். தமிழகக் கடற்கரையினர் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் அழைக்கும், மூன்று மீட்டர் அளவே வளரும் அதே விலங்குதான் அது. பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் அது மேய்வதற்கென 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளது. கம்சட்கா நிர்வாகம் யாக்கவ்லெவுக்கு மறுத்ததை இங்கு அரசு செய்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது; மீன்வலையில் தவறிச் சிக்கும் ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவிக்கும் மீனவர்களின் ஒத்துழைப்பு அந்த அறிவிப்பைக் காட்டிலும் மதிப்பு வாய்ந்தது.

கப்பலைப் பற்றிய செய்தி அடுத்த இதழுக்குச் செல்கிறது. தச்சர்கள் அனைவரும் இறந்துவிட்ட நிலையில், அகோட்ஸ்க் துறைமுகத்தில் கப்பல் கட்டும் பணியாளாக இருந்த சாவா ஸ்தரதூப்த்செவ் என்னும் கொசாக்கு, 36 அடி நீள ஏராவின் மேல் அதனை எவ்வாறு எழுப்பினார் என்பது அங்கு விரிவாகக் கூறப்படும்.